பிரான்ஸின் போலீஸ் அமைச்சர் பதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியனைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் யாரும் சீக்கிரமே அவருடைய போலீஸ் அமைச்சர் ஜோசப் ஃபூஷே என்ற பெயரில் வந்து நிற்பார்கள். அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். போலீஸுக்கென்று தனி அமைச்சரா? அதற்கு முன்னால் யார் பார்த்தார்கள்? இப்போது அந்தப் பதவி எங்கே போனது? நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பதவியின் கதையைத் துப்பாக்கிகளின் கதையாக நான் பார்க்கவில்லை. காகிதங்களின் கதையாகவே பார்க்கிறேன். யார் யாரைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள், அதை யார் எரித்தார்கள் என்று தேடிப் போனால் முழு வரலாறும் விளங்கிவிடும்.

எந்தப் பதவியைப் பற்றிப் பேசுகிறோம்?

"பொதுப் போலீஸ் அமைச்சர்" என்பது அதன் பெயர். 1796 ஜனவரி 2 அன்று பிறந்தது. 1802 இல் ஒழித்தார்கள், 1804 இல் திரும்ப உருவாக்கினார்கள். 1814 இல் மறுபடி போனது, 1815 மார்ச்சில் மறுபடி வந்தது. 1818 கடைசியில் மூடினார்கள். 1852 இல் இன்னொரு முறை திறந்து, ஒன்றரை ஆண்டு கூட நடத்தாமல் 1853 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆக நான்கு முறை உருவாகி நான்கு முறை ஒழிந்த பதவி. ஆட்சி பயந்தபோதெல்லாம் அது பிறந்தது. அந்தப் பதவியைப் பார்த்தே ஆட்சி பயந்தபோது ஒழிந்தது.

அதற்கு முன்னால் போலீஸை யார் பார்த்தார்கள்?

நாடு முழுவதற்கும் ஒரே தலைமை என்று எதுவும் கிடையாது. பாரிஸில் மட்டும் 1667 மார்ச்சில் பதினான்காம் லூயி ஒரு பதவியை ஏற்படுத்தினார். பிற்பாடு அதை "போலீஸ் லெப்டினன்ட் ஜெனரல்" என்று அழைத்தார்கள். பெயரைப் பார்த்து ராணுவப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம், அவர் ஒரு நீதிபதி. ஷாத்லே என்ற பழைய கோட்டை நீதிமன்றத்தில் உட்கார்ந்து நகரத்தை நிர்வகித்தார்.

இந்தப் பதவி வருவதற்கு முன்பு பாரிஸ் எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு சாவுகள் போதும். 1665 இல் நகரத்தின் குற்றவியல் நீதிபதி தார்தியூவும் அவர் மனைவியும் தங்கள் சொந்த வீட்டிலேயே கொள்ளையர்களால் கொல்லப்பட்டார்கள். மறுவருடம், நகரப் போலீஸைக் கையில் வைத்திருந்த சிவில் நீதிபதி துரோ தொப்ரே இறந்தார். அவருக்கு விஷம் வைத்தது பெற்ற மகளே, பிரேன்வில்லியே சீமாட்டி, என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1676 இல் அவளுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

முதல் லெப்டினன்டாக நியமிக்கப்பட்டவர் லிமோஜ் ஊர்க்காரரான நிக்கொலா த லா ரெய்னி. முப்பது ஆண்டுகள், 1697 வரை, பதவியில் இருந்தார்.

அவருடைய வேலை திருடனைப் பிடிப்பது மட்டும்தானா?

இல்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சில் "போலீஸ்" என்றால் நகரம் ஒழுங்காக நடப்பதற்கு வேண்டிய எல்லாமும் அடங்கும். சந்தைக்குத் தானியம் வந்ததா, ரொட்டி என்ன விலை விற்கிறது, தெருச் சேற்றை யார் அள்ளுவது, தீப்பிடித்தால் என்ன செய்வது, எந்தப் புத்தகம் அச்சாகிறது, விடுதியில் யார் தங்கியிருக்கிறார்கள், எல்லாம் அவர் தலையில்தான். தெருவின் குறுக்கே கயிறு கட்டி, மெழுகுவர்த்தி வைத்த கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிட்டார் லா ரெய்னி. குளிர்கால இரவுகளில் அவை எரிந்தன. சேற்றை அள்ளுவதற்கும் விளக்கு எரிப்பதற்குமாக ஒரு வரியே இருந்தது. இருட்டில் நடக்கப் பயந்த ஒரு நகரத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

இன்னொரு பக்கமும் உண்டு. அரசர் முத்திரையிட்ட ஒரு கடிதம் வந்தால் போதும், விசாரணையே இல்லாமல் யாரையும் பாஸ்தில் சிறையில் அடைக்கலாம். அந்தக் கடிதங்களை நிறைவேற்றியதும் இதே அலுவலகம்தான். ஒரே மேசையில் விளக்குக் கணக்கும் இருந்தது, சிறைக் கடிதமும் இருந்தது.

"விஷ விவகாரம்" என்கிறார்களே, அது என்ன?

லா ரெய்னி நடத்திய மிகப் பெரிய விசாரணை. 1679 முதல் 1682 வரை ஒரு தனி நீதிமன்றமே இதற்காக உட்கார்ந்தது. விஷம் விற்றவர்கள், குறி சொன்னவர்கள், பில்லிசூனியம் செய்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் சிக்கினார்கள். லா வுவாசேன் என்ற குறி சொல்பவள் 1680 பிப்ரவரியில் உயிரோடு எரிக்கப்பட்டாள். கைதிகள் வாய் திறக்கத் திறக்க அரண்மனை ஆட்களின் பெயர்கள் வந்தன. கடைசியில் அரசரின் காதலியும் அவர் பிள்ளைகளுக்குத் தாயுமான மொந்தெஸ்பான் சீமாட்டியின் பெயரும் வந்தது.

அரசர் அந்த வாக்குமூலங்களைத் தனியே பிரித்து, பெட்டியில் வைத்து முத்திரையிடச் சொன்னார். 1709 இல் லா ரெய்னி இறந்த அடுத்த மாதமே அந்தக் காகிதங்களை வரவழைத்து நெருப்பில் போட்டார். ஆனால் லா ரெய்னி தன் கையால் எழுதி வைத்திருந்த குறிப்புகள் தப்பிவிட்டன. நமக்கு இன்று இந்த விவரம் தெரிவதே அந்தக் குறிப்புகளால்தான்.

புரட்சி வந்தபோது இந்தப் பதவி என்ன ஆனது?

1789 ஜூலையில் பாஸ்தில் விழுந்ததோடு முடிந்தது. கடைசி லெப்டினன்ட் ஜெனரல் திரூ த குரோன் பதவியை விட்டார். அதன் பிறகு நகராட்சிகளும் புரட்சிக் குழுக்களும் ஆளாளுக்குப் போலீஸ் வேலையைப் பார்த்தன.

1796 இல் தனி அமைச்சர் எதற்கு?

புரட்சியின் பயங்கர ஆட்சியை நடத்திய ரோபஸ்பியர் விழுந்த பிறகு, ஐந்து பேர் கொண்ட ஒரு நிர்வாகக் குழு நாட்டை ஆண்டது. டைரக்டரி என்று வரலாற்றில் சொல்வார்கள். ஒரு பக்கம் மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவரத் துடித்தவர்கள், மறு பக்கம் சொத்தெல்லாம் பொதுவாக வேண்டும் என்ற பாபூஃபின் கூட்டம். உள்துறை அமைச்சரிடம் சாலை, பள்ளி, மருத்துவமனை, விவசாயம் என்று ஏற்கெனவே மலைபோல வேலை கிடந்தது. அதனால் போலீஸைப் பிரித்துத் தனி அமைச்சகமாக்கினார்கள்.

முதலில் காமுயு என்பவரைக் கூப்பிட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். பிறகு மெர்லேன் த துவே வந்தார். 1793 இன் "சந்தேக நபர்கள் சட்டத்தை" வரைந்தவர்களில் ஒருவர் இவர். மூன்று மாதத்தில் அவரும் வேறு துறைக்கு மாறினார். அடுத்து வந்த கொஷோன் த லாப்பாரான் காலத்தில்தான், 1796 மே மாதம், பாபூஃப் பிடிபட்டார். மூன்றரை ஆண்டில் எட்டு அமைச்சர்கள் மாறினார்கள். ஒருவர் பத்து நாள் அளவுக்குத்தான் தாக்குப்பிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

1799 ஜூலையில் வந்த ஒன்பதாமவர் ஃபூஷே.

ஃபூஷே யார்?

நாந்த் நகரத்துக்குப் பக்கத்தில் 1759 இல் பிறந்தவர். ஒரத்தோரியன் என்ற கத்தோலிக்கச் சபையின் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார். புரட்சியில் மக்கள் பிரதிநிதியாகி, 1793 ஜனவரியில் அரசர் பதினாறாம் லூயியின் தலையை வெட்ட வாக்களித்தார். அதே ஆண்டுக் கடைசியில் லியோன் நகரக் கிளர்ச்சியை அடக்கப் போன இடத்தில் கைதிகளைக் கூட்டம் கூட்டமாகப் பீரங்கி வைத்துக் கொல்லச் செய்தவர்களில் ஒருவர். இதை மறந்துவிட்டு அவருடைய சாமர்த்தியத்தை மட்டும் பாராட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

ஆனால் அந்தச் சாமர்த்தியம் உண்மைதான். பதவிக்கு வந்த நான்கே மாதத்தில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். ஃபூஷே தடுக்கவும் இல்லை, முன்னால் வந்து உதவவும் இல்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக் காத்திருந்தார், பதவி தங்கியது.

கிறிஸ்துமஸ் இரவுக் குண்டு வழக்கில் அவர் என்ன செய்தார்?

இந்த வழக்கைப் படித்தால்தான் அந்த அமைச்சகம் எப்படி வேலை செய்தது என்பது பிடிபடும். 1800 டிசம்பர் 24, நெப்போலியன் ஓபராவுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். சேன் நிக்கேஸ் தெருவில் வெடிமருந்துப் பீப்பாய் ஏற்றிய ஒரு வண்டி நின்றது. அதில் பூட்டியிருந்த குதிரையைப் பிடித்துக்கொள்ள 14 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காசு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நெப்போலியனின் வண்டி கடந்து போன பிறகே குண்டு வெடித்தது. அவர் தப்பினார், அந்தச் சிறுமியும் தெருவில் இருந்த வேறு பலரும் செத்தார்கள்.

இது தீவிரப் புரட்சிக்காரர்களான ஜாக்கபேன்களின் வேலை என்று நெப்போலியன் கத்தினார். இல்லை, மன்னராட்சிக்காரர்கள் செய்தது என்றார் ஃபூஷே. பழைய கூட்டாளிகளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று எல்லோரும் அவரைச் சந்தேகித்தார்கள். ஆனால் போலீஸ், சிதறிக் கிடந்த குதிரையின் எச்சங்களை எடுத்து வைத்து, குதிரை வியாபாரிகளையும் லாடம் அடிப்பவர்களையும் வரவழைத்துக் காட்டியது. விற்றவர் அடையாளம் சொன்னார். அந்த நூலைப் பிடித்துப் போய் கார்போன், சேன் ரெஜான் என்ற இரண்டு மன்னராட்சிக்காரர்களைப் பிடித்தார்கள். 1801 ஏப்ரலில் இருவரும் கில்லட்டினில் இறந்தார்கள். மூன்றாமவர் லிமோயெலான் அமெரிக்காவுக்குத் தப்பிப் போய்ப் பாதிரியார் ஆனார்.

ஃபூஷே சொன்னது சரியாகிப் போனது. ஆனால் அதற்குள் ஜாக்கபேன்கள் 130 பேரை நாடு கடத்தும் பட்டியல் தயாராகியிருந்தது. குண்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்த பிறகும் அது ரத்தாகவில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்ததும் ஃபூஷேயின் அமைச்சகம்தான். பலர் கடல் கடந்து போன இடத்திலேயே செத்தார்கள்.

அப்படியிருக்க 1802 இல் அமைச்சகத்தை ஏன் மூடினார் நெப்போலியன்?

எல்லோரைப் பற்றியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆள்பவருக்கு நிம்மதி தராது. தவிர, நெப்போலியனை ஆயுள் முழுக்க ஆட்சித் தலைவராக்கும் திட்டம் ஃபூஷேக்குப் பிடிக்கவில்லை. பதவியை ஒழித்து, அவரை செனட் உறுப்பினராக்கி அனுப்பிவிட்டு, போலீஸ் வேலையை நீதி அமைச்சர் ரெனியேயிடம் கொடுத்தார்.

1804 தொடக்கத்தில் கதுதால் என்ற மன்னராட்சிக்காரர் தலைமையில் ஒரு பெரிய கொலைச் சதி வெளிப்பட்டது. சதிகாரர்கள் மாதக்கணக்கில் பாரிஸிலேயே ஒளிந்திருந்தார்கள், ரெனியேயின் ஆட்களுக்கு அது வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. நெப்போலியன் பேரரசராகி இரண்டு மாதத்துக்குள், ஜூலையில், அமைச்சகமும் ஃபூஷேயும் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் முறை அமைச்சகம் எப்படி நடந்தது?

பேரரசை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் போட்டார்கள். மாவட்டங்களிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் எல்லைகளிலிருந்தும் கடிதங்கள் வரும். அவற்றைச் சுருக்கித் தினமும் ஒரு அறிக்கை நெப்போலியன் மேசைக்குப் போகும். ரொட்டி விலை, ராணுவத்திலிருந்து ஓடிப்போனவர்கள், நாடகக் கொட்டகைச் சச்சரவு, தற்கொலை, வெளிநாட்டுப் பயணிகள், வதந்தி என்று எல்லாம் அதில் இருக்கும். போர்க்களத்தில் இருந்தாலும் நெப்போலியன் அதைப் படித்தார். செலவுக்குப் பணம் கணிசமாகச் சூதாட்ட விடுதிகள் கட்டிய தொகையிலிருந்து வந்தது.

நெப்போலியனும் ஒரே கண்ணை நம்பவில்லை. பாரிஸ் போலீஸ் பிரிஃபெக்ட் ஒரு பக்கம், ராணுவக் காவல் படையான ஜாந்தார்ம் படையின் தலைவர் மோன்சே ஒரு பக்கம், அரண்மனைக் காவலர்கள் இன்னொரு பக்கம் என்று தனித்தனியே சேதி வாங்கி, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

பிரிஃபெக்ட் என்பவர் யார்? அமைச்சரும் அவரும் ஒன்றா?

வேறு வேறு ஆட்கள். 1800 பிப்ரவரிச் சட்டப்படி பாரிஸுக்கு மட்டும் உருவான பதவி அது, முதலில் வந்தவர் துபுவா. பழைய லெப்டினன்ட் ஜெனரலின் நேரடி வாரிசு என்றே சொல்லலாம். சந்தை, தெரு, விளக்கு, சிறை எல்லாம் அவரிடம். காகிதத்தில் அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர், நடைமுறையில் போட்டியாளர். துபுவாவும் ஃபூஷேயும் ஒருவரை ஒருவர் கவிழ்க்கவே பார்த்தார்கள். அமைச்சர் பதவி போய்விட்டது, இந்தப் பிரிஃபெக்ட் பதவி இன்றும் இருக்கிறது.

ஃபூஷே எப்படி விழுந்தார்?

1810 இல் நெப்போலியனுக்குத் தெரியாமல் இங்கிலாந்தோடு சமாதானம் பேச ஆள் அனுப்பினார். விஷயம் வெளிப்பட்டதும் ஜூன் 3 அன்று பதவி போனது. அடுத்து வந்தவர் தளபதி சவாரி. காகிதங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன் என்று ஃபூஷே கொஞ்சம் நாள் அவகாசம் கேட்டார், சவாரியும் சரி என்றார். அந்த நாட்களில் முக்கியமான கோப்புகள் நெருப்புக்குப் போயின. ஒற்றர்களின் பெயர்கள் கூட முழுதாகக் கிடைக்காமல் சவாரி தடுமாறினார்.

அதன் விளைவு என்ன?

1812 அக்டோபர் 23 விடியற்காலையில் தெரிந்தது. மருத்துவ விடுதி ஒன்றில் காவலில் இருந்த தளபதி மலே தப்பித்து, நெப்போலியன் ரஷ்யாவில் இறந்துவிட்டார் என்று போலி ஆணைகளைக் காட்டிப் படைப்பிரிவுகளைத் தன் பக்கம் திருப்பினார். நாட்டின் போலீஸ் அமைச்சர் சவாரியையும் பாரிஸ் பிரிஃபெக்ட் பாஸ்கியேயையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்து லா ஃபோர்ஸ் சிறையில் தள்ளினார்கள். பகல் ஆவதற்குள் சதி உடைந்தது, சில நாளில் மலே சுட்டுக் கொல்லப்பட்டார். நெப்போலியனை உலுக்கிய விஷயம் வேறு. தந்தை இறந்தார் என்றால் மகன் அரசர் ஆகவேண்டும் என்று ஒரு அதிகாரிக்குக் கூடத் தோன்றவில்லை.

அரசர் திரும்பி வந்தபோது, அவர் அண்ணனின் தலைக்கு வாக்களித்த ஃபூஷே எப்படி அமைச்சரானார்?

1814 இல் ஆட்சியை இழந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்ட நெப்போலியன், 1815 மார்ச்சில் திரும்பி வந்ததும் மறுபடி ஃபூஷேயைத்தான் கூப்பிட்டார். வாட்டர்லூவில் எல்லாம் முடிந்ததும், இடைக்கால அரசின் தலைவராக நின்று பாரிஸை ஒப்படைத்தவரும் ஃபூஷே. அவர் இல்லாமல் நகரத்துக்குள் அமைதியாக நுழைய முடியாது என்று பதினெட்டாம் லூயியிடம் சொன்னார்கள். ஜூலையில் அரசர் அவரையே அமைச்சராக்கினார்.

ஜூலை 24 அன்று நெப்போலியனுக்குத் துணை நின்றவர்கள் 57 பேர் மீது நடவடிக்கை எடுக்கும் பட்டியல் வந்தது. கையெழுத்திட்டவர் ஃபூஷே. சில வாரங்களுக்கு முன் அவரோடு ஒரே அரசில் உட்கார்ந்த கார்னோவின் பெயரும் அதில் இருந்தது. செப்டம்பரில் ஃபூஷேயின் பதவி போனது. 1816 ஜனவரியில், அரசரின் மரணத்துக்கு வாக்களித்துவிட்டு நெப்போலியனிடமும் திரும்பச் சேர்ந்தவர்களை நாடு கடத்தும் சட்டம் வந்தது. ஃபூஷே 1820 டிசம்பரில் திரியெஸ்த் நகரில் இறந்தார்.

அடுத்த அமைச்சர் தெகாஸ், அரசருக்குச் செல்லப்பிள்ளை. 1818 டிசம்பர் கடைசியில் அவர் உள்துறைக்கு மாறியபோது போலீஸ் அமைச்சகம் அதோடு கரைந்தது.

1852 இல் மறுபடி ஏன்?

1851 டிசம்பர் 2 விடியற்காலையில், நெப்போலியனின் தம்பி மகனும் அப்போதைய குடியரசுத் தலைவருமான லூயி நெப்போலியன் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தியபோது பாரிஸ் பிரிஃபெக்டாக இருந்தவர் மொப்பா. எதிர்க்கட்சித் தலைவர்களைத் தூக்கத்திலேயே கைது செய்தது அவருடைய ஆட்கள். அதற்குப் பரிசாக இந்தப் பழைய பதவியைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். உள்துறை அமைச்சரும், மாவட்டங்களை நிர்வகித்த (போலீஸ் அல்லாத) பிரிஃபெக்டுகளும் தங்கள் அதிகாரத்தில் கைவைக்க விடவில்லை, 1853 ஜூன் 21 அன்று மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு போலீஸ் யாரிடம்?

உள்துறை அமைச்சரிடம், இன்று வரை. 1906 இல் உள்துறைக்கு வந்த கிளெமான்சோ தன்னை "பிரான்ஸின் முதல் போலீஸ்காரன்" என்று சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டே நடமாடும் புலனாய்வுப் படைகளை உருவாக்கினார். 1934 இல் ஸ்தாவிஸ்கி என்பவரின் நிதி மோசடி நாட்டையே உலுக்கிய பிறகு பொதுப் போலீஸ் இயக்ககம் "தேசியப் பாதுகாப்பு" என்று பெயர் மாறியது. மொரோக்கோ எதிர்க்கட்சித் தலைவர் பென் பர்க்கா 1965 இல் பாரிஸ் தெருவில் கடத்தப்பட்டதில் போலீஸ்காரர்களுக்கும் பங்கு இருந்தது. அதை அடுத்து 1966 ஜூலைச் சட்டம் பாரிஸ் போலீஸையும் நாட்டுப் போலீஸையும் ஒன்றாக்கியது. ராணுவத்தின் கீழ் இருந்த ஜாந்தார்ம் படையும் 2009 இல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வந்தது.

ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் என்ன நடந்தது?

இதை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 1940 அக்டோபரில், ஜெர்மானியர் ஆணைப்படி, பாரிஸ் பகுதி யூதர்கள் காவல் நிலையங்களுக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டியிருந்தது. சுமார் 1,50,000 பேர் பதிந்தார்கள். சட்டத்தை மதிக்கும் மனிதர்கள், தாங்களே நடந்து போய்ப் பதிந்தார்கள். போலீஸ் பிரிஃபெக்ட் அலுவலகம் அதைப் பெயர், தெரு, நாடு, தொழில் வாரியாக அட்டைகளாக அடுக்கியது. 1942 ஏப்ரலில், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு போலீஸுக்கென்று ஒரு தலைமைச் செயலரை நியமித்தது. ரெனே பூஸ்கே. அந்த ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் அதே அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 13,152 பேரைப் பிடித்தார்கள், அதில் 4,115 பேர் குழந்தைகள். மிகப் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. பிரான்ஸ் அரசின் பொறுப்பை ஒரு குடியரசுத் தலைவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 1995 இல், சிராக்கின் உரையில்தான். பூஸ்கே 1993 இல், வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நாள்தோறும். பாரிஸ் நகருக்குள் வாழும் வெளிநாட்டவருக்கு வதிவிட அட்டை கொடுப்பது போலீஸ் பிரிஃபெக்ட் அலுவலகம். லா ஷப்பெல் கடைத்தெருவில் நாம் பார்க்கும் இலங்கைத் தமிழர்களில் எத்தனையோ பேர், அகதி அந்தஸ்து கிடைத்த பின் அந்த அட்டைக்காக அதன் வாசலில் வரிசையில் நின்றவர்கள். விடுதியில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று லா ரெய்னி பார்த்த அதே பொறுப்புதான் கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. புதுச்சேரியில் போலீஸ்காரர்கள் அணியும் சிவப்புத் தொப்பியும் பிரெஞ்சுக் கெப்பிதான்.

இவ்வளவு எரித்த பிறகு பழைய காகிதங்கள் எதுவும் மிஞ்சியிருக்கின்றனவா?

நிறையவே. 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் என்ற நகரப் புரட்சி அரசு வீழ்ந்தபோது பிரிஃபெக்ட் அலுவலகம் எரிந்து, அங்கிருந்தவற்றில் பெரும்பகுதி போனது. ஆனால் ஃபூஷே நெப்போலியனுக்கு அனுப்பிய தினசரி அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பல தொகுதிகளாக அச்சிலும் வந்திருக்கின்றன. லெப்டினன்ட் ஜெனரல்களின் காகிதங்கள் பாஸ்திலில் இருந்தன. 1789 ஜூலை 14 அன்று மக்கள் அவற்றை முற்றத்திலும் அகழியிலும் வீசினார்கள். பிறகு பொறுக்கிச் சேர்த்ததைப் பாரிஸில் ஆர்செனால் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு அங்கே இல்லை. அப்போது பாரிஸில் ரஷ்யத் தூதரகத்தில் வேலை பார்த்த துப்ரோவ்ஸ்கி என்பவர் அதைச் சேகரித்துக் கொண்டுபோனார். லா ரெய்னி அலுவலகத்தின் தாள்களைத் தேடிப் போகிறவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.